மூணாவது ரீல்

முன்வரிசையில ரெண்டாவது நாற்காலி, அந்த வழுக்கைதான். உச்சியில ஒண்ணுமில்ல, பின்னாடி மட்டும் நரைமுடி காலர் வரைக்கும் தொங்குது, கலைஞராமா. பரஞ்சோதி. ஆயுசுல ஒரே ஒரு படம் எடுத்த மகான். அந்த ஒண்ண வெச்சுக்கிட்டு முப்பது வருஷத்துக்கு மேல ஊர் ஊராப் போய் சால்வை வாங்கிட்டிருக்காரு, இன்னிக்கும் ஒண்ணு போத்திட்டாங்க, அதை மடிச்சு மடியில வெச்சுத் தடவிக்கிட்டிருக்காரு, தடவட்டும், நல்லாத் தடவட்டும். நான் ஆறாவது வரிசை. வேணும்னேதான் பின்னாடி உக்காந்தேன். திரும்பிப் பாத்தாலும் அவருக்கு என்னைத் தெரியாது, அன்னிக்கு நான் ஒல்லிக்குச்சி, ரெட்டைச் சடை, இன்னிக்குக் கண்ணாடியும் முட்டிவலியுமா ஒரு பொம்பள, யாரோ ஒரு அம்மா பொழுது போகாம வந்திருக்குன்னு நெனப்பாரு. ஏசி காத்து நேரா பொடனியில அடிக்குது. பழைய பஞ்சு குடோன் இது, சுவத்துக்கு வெள்ளையடிச்சு, மூலையில ரெண்டு பானையைக் கவுத்து வெச்சு, வாகை கலை மையம்னு பேரு வெச்சாச்சு. எத்தனை ஏசி போட்டா என்ன, மூக்குல பஞ்சுத் தூசி ஏறுது, தும்மல் வருது, தும்மினா இங்க படம் பாக்க வந்திருக்கற அத்தனை தாடியும் திரும்பி முறைக்கும். ஐப்பசி முழுக்க இங்க சினிமா. ஒரு வாரம் ஜப்பான் பேய். ஒரு வாரம் ஊமைப் படம், அதுக்குப் பக்கத்துல ஒருத்தர் உக்காந்து மிருதங்கம் வாசிச்சாரு. ஒரு வாரம் குழந்தைகளுக்குப் பொம்மைப் படம், குழந்தை ஒண்ணுகூட வரல, இந்தத் தாடிக்காரங்கதான் வாயைப் பொளந்துக்கிட்டுப் பாத்தாங்க. போன வாரம் போலந்துல ஒருத்தன் ஜன்னல் வழியா மழையையே பாத்துக்கிட்டிருந்தான். எல்லாத்துக்கும் வந்தேன். சினிமா பாக்க இல்ல. இங்க எப்படிப் பேசறாங்க, எப்ப மைக்கு குடுக்கறாங்க, யாரு யாரை மடக்கறாங்கன்னு தெரிஞ்சு வெச்சுக்க வந்தேன். இந்த வாரம் 'நம்ம மண்ணின் படம்'. 'ஈரச் சுவர்'. திரைக்கதை, வசனம், படத்தொகுப்பு, இயக்கம் பரஞ்சோதி. படத்தொகுப்பு பரஞ்சோதியாமா. தூ. அந்தாளுக்குக் கத்தரியை எந்தப் பக்கம் புடிக்கணும்னு தெரியுமா? வெட்டினவ நானு. குமுதவல்லி. மொதல் ஷாட்ல இருந்து கடைசி ஷாட் வரைக்கும் இந்தக் கை வெட்டி ஒட்டினது. உலகத்துல மிச்சமிருக்கற ஒரே பிரிண்ட்டை எங்கயோ தோண்டி எடுத்துட்டு வந்திருக்காங்க, இன்னிக்குக் காட்டிட்டு, அடுத்த மாசம் டிஜிட்டல் பண்ணப் போறாங்க, டைட்டில் எல்லாம் கீறிப் போச்சாம், புதுசா எழுதிச் சேக்கப் போறாங்களாம். அதைக் கேட்டதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல. செயலாளர் சீரங்கனுக்கு போன் பண்ணிச் சொன்னேன், இந்த மாதிரி இந்த மாதிரின்னு. அவரு மரியாதையாத்தான் பேசினாரு. "மேடம், நீங்க சொல்றதை நான் நம்பறேனுங்க. ஆனா நாங்களாப் போட முடியாதுங்களே. டைரக்டர் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், பேரு ஏறிடும். படம் முடிஞ்சு பேச்சு இருக்குதுங்க, சபையில கேட்டுடுங்க, மறுக்க மாட்டாரு." கேக்கறேன். கேக்காம விட்டா நான் எங்கப்பனுக்குப் பொறக்கல. இந்தத் தடவை பேரு ஏறலைன்னா இனி எப்பவும் ஏறாது, நான் செத்தப்புறமும் அந்தாளு பேருதான் ஓடிக்கிட்டிருக்கும்.

சீரங்கன் மைக்கைத் தட்டறாரு. "நண்பர்களே, நம்ம வழக்கம் தெரியும். நடுவுல எந்திரிச்சுப் போகக் கூடாது. முடிஞ்சப்புறம் பேசறவங்க பிடிச்சுது, பிடிக்கலைன்னு சொல்லக் கூடாது. ஏன் அப்படி எடுத்தாங்கங்கறதைத்தான் பேசணும்." ஏன். இங்க எல்லாத்துக்கும் ஒரு ஏன் வேணும் இவங்களுக்கு. போன வாரம் பாதிப் படத்துல சத்தம் நின்னு போச்சு, ஸ்பீக்கர் வயர் கழண்டுடுச்சு, அதுக்குப் பேராசிரியர் இளங்கீரன் எந்திரிச்சு மௌனத்தோட அரசியல்னு ஒரு பாட்டம் பேசினாரு. சீரங்கன், "சார், அது வயருங்க"ன்னு சொன்னப்புறமும் அந்த மனுசன் உக்காரல. இந்தக் கூட்டத்துக்கிட்டத்தான் நான் நியாயம் கேக்க வந்திருக்கேன், என் தலையெழுத்து. வெளக்கு அணைஞ்சாச்சு. பின்னாடி புரொஜக்டர் கரகரன்னு ஓட ஆரம்பிக்குது, எத்தனை வருஷமாச்சு இந்தச் சத்தத்தைக் கேட்டு. திரையில ஒரே கீறல், மழை மாதிரி. அதுக்கு நடுவுல எழுத்து தெரியுது, படத்தொகுப்பு, பரஞ்சோதி, அந்த எழுத்து மட்டும் கீறாமப் பளிச்சுன்னு இருக்குது பாரு, நாசமாப் போக. ராக்கியப்பன் வர்றான். மில்லுல வேலை போனவன். பொண்டாட்டி தங்காயி. ரெண்டு பேரும் ஊருக்கு வெளியில ஒரு பொட்டக் காட்டை வாங்கிக் கிணறு வெட்டப் போறாங்க, அவ்வளவுதான் கதை. ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னாடி என் கண்ணு தானாச் சிமிட்டுது. நான் சிமிட்டல, அதுவா. அவன் வாசல்ல குனியறான், இப்ப, சிமிட்டு, அவ அடுப்பு. அவ திரும்பறா, இப்ப, சிமிட்டு, காடு. அந்த ரூமுல அப்படித்தான் உக்காந்திருந்தேன், கோடம்பாக்கத்துல மாடிப்படிக்குக் கீழ ஒரு பொந்து, ஃபேன் கிடையாது, ஃபிலிம் துண்டெல்லாம் கிளிப்புல தொங்கும், கீழ அது சுருண்டு விழறதுக்குத் துணித்தொட்டி, வெள்ளைக் கையுறை வேர்வையில ஊறிப் போகும். எடிட்டர் பெரியவரு வேற கம்பெனி கூப்பிட்டதும் கத்தரியைத் தொடாமயே கெளம்பிட்டாரு. உதவிக்கு இருந்த நான்தான் மிச்சம். பரஞ்சோதி வருவாரு, பின்னாடி சேர்ல சாஞ்சு சிகரெட் பத்த வெப்பாரு, "அந்த மேகம் நல்லா இருக்கு, வெச்சுக்கோ"ம்பாரு, அப்புறம் குறட்டை. முழிச்சுப் பாத்துட்டு, "குமுதா, உன் கையில ஜீவன் இருக்கு. டைட்டில்ல உன் பேருக்குத் தனிக் கார்டு போடறேன்"னாரு. தனிக் கார்டு! எங்கப்பாவுக்குச் சொன்னேன், அவரு இஸ்திரி போட்ட சட்டையோட பஸ் புடிச்சு வந்தாரு, மொத ஷோ பாக்க. டைட்டில் ஓடுச்சு, ஓடுச்சு, முடிஞ்சுது. எங்கப்பா என் பக்கம் திரும்பவே இல்ல, நேராப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாரு. வெளிய வந்து கேட்டேன், இந்தாளு என்ன சொன்னாரு தெரியுமா, "சின்ன விஷயத்தைப் பெருசு பண்ணாதேம்மா, அடுத்த படத்துல போட்டுக்கலாம்." அடுத்த படம்! எங்கய்யா உன் அடுத்த படம்? அதுக்கப்புறம் எந்தக் கம்பெனிக்குப் போனாலும், "பேரு இல்லியேம்மா, நீதான் பண்ணேன்னு எப்படி நம்பறது?" கோயமுத்தூருக்குத் திரும்பி வந்து ஸ்டூடியோ வெச்சேன். கல்யாண வீடியோ. தாலி கட்டறதை வெட்டி பந்தியோட ஒட்டினேன், பந்தியை வெட்டி மறுவீட்டோட ஒட்டினேன், ஊருல பாதிப் பேரு கல்யாணம் என் கையிலதான் முடிஞ்சுது. இதோ திரையில என் வெட்டு வருது. அவன் கடப்பாறையைத் தூக்கறான், தலைக்கு மேல நிக்குது, எறங்கறதுக்கு முந்தி, சிமிட்டு, அவ உலக்கை எறங்குது. தொம்முன்னு சத்தம். பக்கத்து சீட்டு மூக்குத்திப் பொண்ணு "ச்ச"ங்குது, மூச்சுக்குள்ள, மெச்சற மாதிரி. பாத்தியா, அது நானுடி. முன்னாடி வழுக்கைத் தலை ஒரு பக்கமாச் சாஞ்சிருக்குது, தூங்கறாரா? தன் படத்துக்கே தூங்கறாரு. மாறவே இல்ல மனுசன்.

மொத ரீல் முடிஞ்சு வெளக்குப் போட்டாங்க. மொத்தம் மூணு பெரிய ரீல், ஒரே புரொஜக்டர்தான், ரீல் மாத்தற வரைக்கும் எல்லாரும் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, கிசுகிசுத்துக்கிட்டு. மறுபடி இருட்டு. இப்ப விடியக்காலம் வரணும். அவன் சேத்துக் கையால அவ கன்னத்துல பூசி எழுப்புவான், அவ சிணுங்குவா, அதான் ரெண்டாவது ரீலோட மொத ஷாட், எனக்குத் தெரியும், என் கண்ணு அதுக்குத் தயாரா இருக்குது. டமார்னு வெடிச் சத்தம். தூக்கிவாரிப் போட்டுது. புழுதி. ஜனங்க ஓடறாங்க. கிணத்து மேட்டுல செருப்பு. அட கருமமே, இது மூணாவது ரீலு. ரீலை மாத்திப் போட்டுட்டான் பாவி. ராக்கியப்பன் கிணத்தை இன்னும் ஆழமாக்க வெச்ச வெடியில மாட்டிச் செத்தாச்சு, இன்னும் கிணறே வெட்டி முடிக்கல, அதுக்குள்ள பொணம் வந்தாச்சு. சொல்லணும், எந்திரிச்சுப் போய் ஆபரேட்டர்கிட்டச் சொல்லணும், நிறுத்துப்பா, மாறிப் போச்சுப்பான்னு, முட்டியில கையை ஊனிட்டேன், பாதி எந்திரிச்சுட்டேன்கூட, மூக்குத்திப் பொண்ணு காலை மடக்கி வழி விடுது. அப்பத்தான் அந்த வழுக்கையைப் பாத்தேன். வெடிச் சத்தத்துக்கு நிமிந்த தலை அப்படியே நிக்குது. இப்பக் கத்துவாரு. இப்ப எந்திரிப்பாரு, "நிறுத்துங்க, என் படம் இது இல்ல"ன்னு. எந்திரிக்கல. ஒரு ஷாட், ரெண்டு ஷாட், தங்காயி வெளக்கு முன்னாடி உக்காந்திருக்கா, இன்னும் எந்திரிக்கல. அட, தெரியலையா இந்தாளுக்கு! தன் படத்துல எது முன்னாடி எது பின்னாடின்னே தெரியல! எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வருது, முந்தானையை வாயில வெச்சு அமுத்திக்கிட்டு உக்காந்துட்டேன். இருடா மகனே இரு. பேச்சு ஆரம்பிக்கட்டும். இளங்கீரன் எந்திரிச்சு, ஏன் சாவை நடுவுல வெச்சீங்கன்னு கேக்காம விட மாட்டான். நீயும் தாடையைத் தடவிக்கிட்டு, அது என் முடிவு, என் தரிசனம்னு ஏதாவது அளப்பே. அப்ப வாங்கறேன் மைக்கை. அய்யா பரஞ்சோதி, ரீல் மாறிப் போச்சுய்யா, வெட்டினவளுக்குத் தெரியும், உனக்கு எப்படிய்யா தெரியும்? அவ்வளவு போதும். ஒரே கேள்வியில உரிச்சுத் தொங்க விட்டுடலாம். இத்தனை வருஷம் சாமியே இல்லைன்னு சொல்லிட்டிருந்தேன், இன்னிக்கு ஆபரேட்டர் ரூபத்துல வந்து நிக்குது.

கண்ணு மட்டும் கெடந்து தவிக்குது. வெட்டுக்கு முன்னாடி சிமிட்டுது, சரியாத்தான் சிமிட்டுது, ஆனா மனசு இன்னும் அந்த விடியக்காலத்துலயே நிக்குது, சேத்துக் கை எங்க, சேத்துக் கை எங்கன்னு. தங்காயி காட்டை விக்கறா. கைநாட்டு வெக்கறா. யாரோ வீட்டுக் குழாயில தண்ணிக்கு நிக்கறா. மொத ஷோவுல இந்த எடம் வரும்போது அரங்குல யாரு இருந்தா? கொஞ்சப் பேரு. கிணறு தோண்டற ரெண்டாவது ரீல்லயே பாதிக் கூட்டம் எந்திரிச்சுப் போயிடுச்சு, செருப்பைத் தேய்ச்சுக்கிட்டு, கதவு கிரீச் கிரீச்னு. சிரிச்சுக்கிட்டும் சண்டை போட்டுக்கிட்டும் ரெண்டு பேரு குழி தோண்டறாங்க, அதை எவன் பாப்பான்? அந்தாளு எடுத்த லட்சணம் அப்படின்னு நெனச்சேன். நான் நல்லாத்தான் வெட்டினேன், சரக்கு மட்டம், நான் என்ன பண்ண முடியும். இத்தனை வருஷமும் அப்படித்தான் சொல்லிக்கிட்டேன். இங்க எவனும் அசையல. இருமல்கூட இல்ல. தங்காயி குடத்தோட நடந்து போறா, தெருக்கோடி வரைக்கும், திரை வெறுமையாகுது, முடிஞ்சுது. முற்றும்னு போடல. முற்றும் போட்டா அது கலைப்படம் இல்லியாம், இந்தாளு அன்னிக்கு அப்படியொரு புடிவாதம் புடிச்சாரு. அது மட்டும் போட்டிருந்தா இந்நேரம் குட்டு ஒடைஞ்சிருக்கும். வெளக்குப் போட்டாங்க. எல்லாரும் முழிக்கறாங்க. "இன்னும் ஒரு ரீல் இருக்குதுங்க"ங்கறாரு சீரங்கன். இன்னும் என்ன இருக்கு, அவன்தான் செத்துட்டானேன்னு மூக்குத்திப் பொண்ணு என்கிட்டக் கேக்குது, "ஆன்ட்டி, இதுக்கு மேல என்ன காட்டுவாங்க?" பாரு கண்ணு, பாருன்னேன். என் குரலு எனக்கே புடிக்கல.

இருட்டு. விடியக்காலம். சேத்துக் கை, தங்காயி கன்னம். அவன் உசுரோட சிரிக்கறான். அரங்கு முழுக்க ஒரு மூச்சு, எல்லாரும் சேந்து உள்ள இழுத்த மாதிரி, எனக்குக் கையெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. ஏன், எனக்கு ஏன் புல்லரிக்கணும், இந்த ஷாட்டை நான் எத்தனை தடவை பாத்திருக்கேன், மெழுகுப் பென்சில்ல குறி போட்டு, ஒரு ஃப்ரேம் கூட, ஒரு ஃப்ரேம் குறைய, கண்ணு பூத்துப் போற வரைக்கும் பாத்த ஷாட்டு. அப்பல்லாம் அது வெறும் ஷாட்டு. ஒருத்தன் பொண்டாட்டியை எழுப்பறான், அவ்வளவுதான். இப்ப அவன் செத்தவன். செத்தவன் வந்து கன்னத்துல சேறு பூசறான். ரெண்டு பேரும் சோத்துக்குச் சண்டை போடறாங்க, அவ கோவிச்சுக்கிட்டு ஏணியை மேல இழுத்துடறா, அவன் கிணத்துக்குள்ள இருந்து கெஞ்சறான், அன்னிக்கு இந்த எடத்துலதான் கூட்டமாக் கெளம்பிப் போனாங்க. இன்னிக்குச் சிரிக்கறாங்க, சிரிச்சுட்டு அந்தச் சிரிப்பு தொண்டையில மாட்டிக்கிட்டு நிக்குது அவங்களுக்கு, எனக்குக் கேக்குது. பக்கத்துல மூக்குத்திப் பொண்ணு மூக்கை உறிஞ்சுது. போதும், நிறுத்துங்கடா. இது என் படம் இல்ல. நான் இப்படி வெட்டல. நான் நேராத்தான் வெட்டினேன், வாழ்ந்தாங்க, செத்தான், அவ போனா, அதானே முறை? அந்த முறையில பாத்தவன் பாதியில கெளம்பிப் போனான். ரீலு போட்ட எவனோ ஒரு கிறுக்கன் தப்பாத் தூக்கி மாட்டினான், அதைப் பாத்து அழுவறாங்க. அப்ப நான் அத்தனை நாள் அந்தப் பொந்துல உக்காந்து என்னத்தக் கிழிச்சேன்? வயிறு எரியுது. அந்தாளு மேல எரிஞ்ச வயிறு இப்ப எங்க பாத்து எரியுதுன்னே தெரியல. சரக்கு மட்டம் இல்ல குமுதவல்லி, சரக்கு நல்ல சரக்கு. நீ வெட்டினது மட்டம். சீ, வாயை மூடு. கடைசி எடம். கிணத்துக்குள்ள இருந்து அவன் கத்தறான், தண்ணி, தண்ணின்னு. அவ மேல நிக்கறா, அவளுக்கு அவன் தெரியல, குரலு மட்டும். அவன் கையால அள்ளி மேல வீசறான், ரெண்டு சொட்டு அவ மூஞ்சியில. சிரிக்கறா. இருட்டு. ரீல் முடிஞ்சு போச்சு. நான் கண்ணாடியைக் கழட்டித் தொடைக்கறேன். அழுகை இல்ல, ஏசிக்குக் கண்ணு எரியுது. சும்மா சொல்லக் கூடாது, அழுகைதான்.

வெளக்குப் போட்டதும் ஒரேயடியாக் கைதட்டினாங்க, குடோன் தகரம் அதிருச்சு. வழுக்கை எந்திரிச்சுக் கும்பிட்டுட்டு மேடைச் சேர்ல போய் உக்காந்தாச்சு. இப்பத்தான் மூஞ்சி தெரியுது, கன்னம் ஒட்டிப் போய், கண்ணுக்குக் கீழ பை. கிழவனாயிட்டே பரஞ்சோதி. நான் தயாரா இருக்கேன். சொல்ல வேண்டியதை மனசுல ஒருதரம் ஓட்டிப் பாத்துக்கறேன், ரீல் மாறிப் போச்சு, வெட்டினவ நானு, ரீல் மாறிப் போச்சு, வெட்டினவ நானு. இளங்கீரன் எந்திரிச்சாச்சு, நான் சொன்னனா இல்லியா. "அய்யா, ஒரே ஒரு ஏன். சாவை நடுவுல வெச்சுட்டு வாழ்க்கையைக் கடைசியில வெச்சிருக்கீங்க. அந்தக் காலத்துல இந்தத் துணிச்சல் யாருக்கும் இல்ல. ஏன் அப்படி வெச்சீங்க?" மாட்டினியா. சொல்லு. என் தரிசனம்னு சொல்லு. பரஞ்சோதி மைக்கைக் கையில வாங்கறாரு. சால்வை நுனியை முறுக்கறாரு. கனைச்சுக்கிட்டாரு. "அது நான் பண்ணதில்லைங்க." என்னது? "எனக்கு எடிட்டிங் தெரியாதுங்க. டைட்டில்ல என் பேரு இருக்கு, அது தப்பு. ஒரு பொண்ணு பண்ணுச்சு. குமுதவல்லின்னு பேரு. இந்தப் படத்துல நீங்க பாத்தது முழுக்க அந்தப் பொண்ணு கை." எனக்குக் காது அடைச்சுப் போச்சு. என் பேரு, அந்த வாயில இருந்து, மைக்குல. முப்பது வருஷத்துக்கு மேல இந்த ஒரு வார்த்தைக்குத்தானே காத்துக்கிட்டிருந்தேன், கேட்டதும் குளுந்து போயிருக்கணுமே, குளுரல. தெரிஞ்சு சொல்றியா, தெரியாம சொல்றியா? ரீல் மாறினது தெரிஞ்சுதான் என் தலையில கட்டறியா, நாளைக்குக் குட்டு ஒடைஞ்சா, அந்தப் பொண்ணுதாங்க பண்ணுச்சுன்னு சொல்லிக்கலாம்னு? இல்ல நெசமாவே வயசாகி மனசு எளகிப் போச்சா? பாவி, நல்லது பண்ணும்போதுகூட நிம்மதியா வாங்கிக்க விட மாட்டேங்கறியே. சீரங்கன் துள்ளிக் குதிக்கறாரு. "அய்யா, அந்த மேடம் இங்கயேதான் இருக்காங்க! மேடம், எந்திரிங்க, எந்திரிங்க!"

எந்திரிச்சேன். அத்தனை தாடியும் திரும்பி என்னைப் பாக்குது, கைதட்டல் மறுபடி கெளம்புது, இது எனக்கு, இது எனக்கு மட்டும். மூக்குத்திப் பொண்ணு என் கையைப் புடிச்சுக்குது, கண்ணெல்லாம் ஈரம், "ஆன்ட்டி, நீங்களா? என்கிட்டச் சொல்லவே இல்லியே!" மைக்கு கை மாறி வருது. "மேடம், நீங்களே சொல்லுங்க. சாவை நடுவுல ஏன் வெச்சீங்க?" இளங்கீரன் இன்னும் உக்காரல. சொல்லிடு குமுதவல்லி. ஒரே வாக்கியம். ரீல் மாறிப் போச்சுங்க, நான் இப்படி வெட்டல, நான் வெட்டினது வேற. பேருதான் வந்தாச்சே, சபையில சொல்லிட்டாரு, இனி அது போகாது, உண்மையைச் சொன்னா என்ன கொறஞ்சுடப் போகுது? சொன்னா சீரங்கன் சரியான வரிசையில இன்னொரு தடவை போட்டுக் காட்டுவாரு. நான் வெட்டின மாதிரியே. எல்லாரும் மரியாதையா உக்காந்து பாப்பாங்க, இங்கதான் எந்திரிச்சுப் போகக் கூடாதே, ரெண்டாவது ரீல்ல கொட்டாவி விடுவாங்க, முடிஞ்சதும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குவாங்க, அப்புறம் எவனாவது மெதுவாச் சொல்லுவான், தப்பாப் போட்டதே நல்லாருந்துச்சேன்னு. இந்தப் பொண்ணும் கையை விட்டுடும். என் வாய் திறந்துடுச்சு. என்ன சொல்லப் போறேன்னு எனக்குத் தெரியல, நெசமாத் தெரியல, மைக்குல என் மூச்சு புஸ்ஸுன்னு கேக்குது. "சாவைக் கடைசியில வெச்சா," யாரு பேசறது, நான்தான், "ஜனங்க அழுதுட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. செத்தவன் சிரிக்கறதைப் பாத்துட்டுப் போனா, போக மாட்டாங்க. அதனாலதான்." கொஞ்சமும் தடுமாறல. காலங்காலமா நெனச்சு வெச்சிருந்த மாதிரி வருது. "அன்னிக்கு யாரும் ஒத்துக்கல. நான் புடிவாதமா நின்னேன்." இதையும் சொன்னேன். இதை எதுக்குச் சொன்னே, யாரு கேட்டா? அரங்கு அதிருது. இளங்கீரன் தலைக்கு மேல கையைத் தூக்கித் தட்டறான்.

பரஞ்சோதியைப் பாத்தேன். அவரும் தட்டறாரு, மெதுவா, என்னையே பாத்துக்கிட்டு. சிரிக்கறாரு. கேலி இல்ல அந்தச் சிரிப்புல, கோவம் இல்ல, தெரிஞ்சவங்களைப் பாத்தாச் சிரிக்கற சிரிப்பு. தெரியும் இந்தாளுக்கு. மொத வெடியிலயே தெரிஞ்சிருக்கு. பேச்சு முடிஞ்சு ஜனங்க சமோசாப் பக்கம் நகர்ற கூட்டத்துல சீரங்கன் என்கிட்ட ஓடி வந்தாரு. "மேடம், கவலையே படாதீங்க. இதே பிரிண்ட், இதே வரிசை, ஒரு ஃப்ரேம் மாத்தாம டிஜிட்டல் பண்ணிடறோம். உங்களுக்குத் தனிக் கார்டுங்க. பேரு எப்படிப் போடட்டும்? வெறும் குமுதவல்லின்னா, இல்ல இனிஷியலோடவா?"

என் படம் அதோட போச்சு. இனி அது எங்கயும் இருக்காது. நான் வெட்டின வரிசை தெரிஞ்சவங்க இனி நானும் அந்தக் கெழவனும் மட்டும்தான்.

"இனிஷியலோடயே போடுங்க"ன்னேன். "ஆர். குமுதவல்லி."